ஏசியைப் போட்டால் கொதிக்கிறது

போன வருஷம் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வெளியே 113 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 45. இன்டர்ஸ்டேட் 10-இல் எல்லா வரிசையும் அசையாமல் நிற்கிறது. என் 1970 செவர்லே ஷெவெல் காரின் டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக மாட்டியிருந்த டெம்பரேச்சர் மீட்டர் முதலில் 195 ஃபாரன்ஹீட் காட்டியது, கொஞ்ச நேரத்தில் 210, வண்டி நூறடிகூட நகராத நிலையில் 225. அதுவரை ஜில்லென்று வந்துகொண்டிருந்த ஏசிக் காற்றும் மெல்ல வெதுவெதுப்பாக மாறத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த என் மனைவி மீட்டரையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "ஏங்க, அணைச்சிடவா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்: ஏசியை அணைப்போம், கண்ணாடிகளை இறக்குவோம், அப்புறம் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவோம். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது காருக்குள் கொட்டிவிடும். 45 டிகிரி வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகும் குடும்பத்தைப் பக்கத்து டெஸ்லாக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது மீட்டர் 240-ஐத் தொட்டிருந்தது. ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் பச்சைக் கூலன்ட் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம் மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தோம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஷெவெல் என்றதும் எல்லோரும் அதன் வேக ரகமான எஸ்எஸ் 454-ஐ நினைப்பார்கள், எல்எஸ்6 இன்ஜினில் 450 குதிரைசக்தி, நேஷனல் ஹீரோ மாதிரி அதற்கு ஒரு மரியாதை. என்னுடையது அதுவல்ல. ஷெவெல்லிலேயே மாலிபு என்ற சாதாரண ரகம், 350 கன அங்குல வி8, ஆட்டோமேட்டிக் கியர். இது மசில் காரே (அந்தக் காலத்துப் பெரிய இன்ஜின் வேகக் கார்) இல்லை என்று சொல்லும் சுத்த சைவக்காரர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். அவர்கள் கொண்டாடும் 1970 எஸ்எஸ் 396-இன் இன்ஜின் உண்மையில் 402 கன அங்குலம். அதனால் பேட்ஜை வைத்துச் சண்டை போட எனக்கு ஆசையில்லை. என் வண்டி தொழிற்சாலையிலிருந்து ஏசியோடு வந்தது. இடையில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய ஏ6 கம்ப்ரஸரை, ஒரு கைக்குழந்தையைவிடக் கனமான அந்த உருளையை, எடை குறைக்கிறேன் என்று கழற்றி எறிந்துவிட்டார். நான் வாங்கிய பிறகு ஆர்-134ஏ என்ற குளிரூட்டி வாயுவில் ஓடும் புது ஏசி கிட் ஒன்றைப் பொருத்தினேன். பிரச்சினை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஏசி இல்லாமல் ஓடிய வரைக்கும் இந்த இன்ஜின் ஒருநாள்கூட முரண்டு பிடித்ததில்லை.

பழைய வண்டி, அந்தக் காலத்து டிசைன், அப்படித்தான் கொதிக்கும் என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. 1970-இலும் அரிசோனாவில் வெயில் அடித்தது, டெக்சஸில் ஏசியோடு ஷெவெல் ஓடியது. எந்த இன்ஜின் தாங்கும் என்று டெட்ராய்ட் கார் கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் 426 ஹெமி இன்ஜின் வண்டிகளுக்கோ பாஸ் 302 மஸ்டாங்குக்கோ ஏசியே கொடுக்கவில்லை. கொடுத்த வண்டிகளுக்கு வெறும் ஏசி மட்டும் கொடுக்கவில்லை, கூடவே ஒரு சீர்வரிசையே வந்தது. பெரிய ரேடியேட்டர், ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் என்ற முழுக் கூடு, ஏழு இறக்கை ஃபேன், சூட்டைப் பார்த்துப் பிடிக்கும் ஃபேன் கிளட்ச், வாட்டர் பம்பை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும் சின்ன புல்லி, ரேடியேட்டருக்கும் பானட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை. ஐம்பது வருஷத்தில் வண்டி நாலைந்து கை மாறும்போது ஒவ்வொருவரும் இதில் ஒன்றைக் கழற்றிவிடுகிறார்கள். ஷ்ரவுட் இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒருவர், ஃபேன் சத்தம் போடுகிறது என்று இன்னொருவர். ஐந்தாவதாக வாங்கியவன் நான், ஏசியை மட்டும் திரும்ப மாட்டிவிட்டு ஏன் கொதிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் செய்யும் முதல் தப்பையே நானும் செய்தேன், புது ரேடியேட்டர் வாங்கினேன். பளபளவென்று அலுமினியம், இரண்டு வரிசை, ஒவ்வொரு குழாயும் ஓர் அங்குல அகலம். பழைய செம்பு ரேடியேட்டர் மூன்று வரிசை, ஆனால் குழாய்கள் ஒல்லி. வரிசை கூடினால் குளிர்ச்சி கூடும் என்பது பாதி உண்மை. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் காற்று முன்வரிசைகளிலேயே சூடாகிவிடும், தடிமன் கூடக்கூடக் காற்று நுழையவும் கஷ்டப்படும். அகலமான இரண்டு வரிசை நல்ல ஏற்பாடுதான், ரேடியேட்டரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாட்டிய பிறகு என்ன ஆனது என்றால், டிராஃபிக்கில் முன்பு பத்து நிமிஷத்தில் கொதித்த வண்டி இப்போது பதினைந்து நிமிஷத்தில் கொதித்தது. நானூறு டாலருக்கு ஐந்து நிமிஷம்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், நாயோடு காலையில் நடக்கப் போவார். கராஜ் திறந்திருந்தால் நின்று எட்டிப் பார்ப்பார். புது ரேடியேட்டரைப் பெருமையாகக் காட்டினேன். அவர் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. "நிக்கும்போது சூடாகுதா, ஓடும்போது சூடாகுதா?" என்று கேட்டார். நிற்கும்போதுதான், ஓடினால் இறங்கிவிடுகிறது என்றேன். "அப்ப இதை ஏன் வாங்கினே?" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் இருக்கிறது. மணிக்கு 35, 40 மைலைத் தாண்டிவிட்டால் வண்டியின் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றைத் தள்ளிக் கொடுக்கும், ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. நெடுஞ்சாலையில் 65-இல் போகும்போது சூடு ஏறிக்கொண்டே போகிறதென்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், சின்னதாக இருக்கலாம், தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போய் வழியை மூடியிருக்கலாம். நிற்கும்போது மட்டும் ஏறுகிறதென்றால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. என் வண்டியில் இரண்டுமே இருந்தது, அது அப்புறம்தான் தெரிந்தது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் மீட்டரை நம்பலாமா என்று பார்த்தேன். மாலிபுவில் கம்பெனி கொடுத்தது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான், அது எரியும்போது காரியம் கைமீறியிருக்கும். நான் மாட்டிய மீட்டரின் சென்சாரைத் திருகும்போது அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தேன். அந்த சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப் சுற்றினால் மின் தொடர்பு கெட்டு ரீடிங் தப்பாகும். டேப்பை எடுத்துவிட்டு, இருபது டாலர் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் தெர்மோஸ்டாட் மூடியைச் சுட்டுப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்த இடத்தில் சுட வேண்டும், பளபளக்கும் அலுமினியத்தில் அது கன்னாபின்னாவென்று காட்டும். மீட்டர் ஏழெட்டு டிகிரி தள்ளி இருந்தது, அவ்வளவுதான். கொதித்தது நிஜம்.

இன்னொன்று, 210, 215 என்று மீட்டர் காட்டினாலே சிலர் பதறுவார்கள். தண்ணீர் 212-இல் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நினைவு. பாதித் தண்ணீர் பாதி கூலன்ட் கலந்து, 15 பிஎஸ்ஐ அழுத்தம் பிடிக்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் கொதிநிலை ஏறக்குறைய 265. ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் சுமார் மூன்று டிகிரி கூடும். அதனால் 215 என்பது கோளாறே இல்லை, நிற்காமல் ஏறிக்கொண்டே போவதுதான் கோளாறு. மூடி பழசாகி அழுத்தம் பிடிக்காமல் போயிருந்தால் பத்து, பதினைந்து டாலரில் புதுசு கிடைக்கும், அதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

சரி, காற்றுக்கு வருகிறேன். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. காருக்குள் எடுத்த சூட்டையும், கம்ப்ரஸர் அழுத்தியதால் வந்த சூட்டையும் சேர்த்து அது வெளியேற்ற வேண்டும், அதுவும் ரேடியேட்டர் மூஞ்சியில். வெளியே 110 டிகிரி, கூலன்ட் 200 டிகிரி என்று வையுங்கள். ரேடியேட்டர் வேலை செய்வது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான், 90 டிகிரி. கண்டென்சரைத் தாண்டி வரும் காற்று 140 ஆகிவிட்டால் வித்தியாசம் 60. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் திறமையில் மூன்றில் ஒரு பங்கு ஏசி பட்டனை அழுத்திய நொடியில் போய்விட்டது. கம்ப்ரஸரை ஓட்ட இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும், அந்தச் சூடும் இதே ரேடியேட்டர் தலையில்தான். இதில் மிச்சம் பிடிக்க ஒரே வழி காற்றை அதிகமாக இழுப்பது.

பெரியவர் மறுநாள் ஒரு செய்தித்தாளோடு வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஒரு தாளைக் கிரில்லுக்குள் விட்டு கண்டென்சர்மேல் வைக்கச் சொன்னார். நடுவில் வைத்தால் ஒட்டிக்கொண்டது. மூலைகளில் வைத்தால் வழுக்கி விழுந்தது, இடது மேல் மூலையில் வைத்தபோது முன்பக்கமாகவே தள்ளியது, அதாவது அங்கே காற்று உள்ளே போகவில்லை, பின்னாலிருந்து வெளியே வருகிறது. இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டும் இழுக்கிறது, ரேடியேட்டரின் மீதி பாகம் சும்மா நிற்கிறது, அந்தச் சும்மா நிற்கும் பாகம் வழியாகவும் ஓரத்து இடுக்குகள் வழியாகவும் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்று முன்னால் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகிறது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது என் வண்டி.

1970 ஷெவெல்லுக்கு ஷ்ரவுட் இன்னும் புதுசாகச் செய்து விற்கிறார்கள், கறுப்பு பிளாஸ்டிக். மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் ஃபேன் அதற்குள் எவ்வளவு நுழைய வேண்டும் என்பதில் விஷயம் இருக்கிறது. இறக்கையின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி உள்ளே, பாதி வெளியே. முழுக்க உள்ளே போனால் இறக்கை ஓரத்திலிருந்து காற்று சிதற வழியில்லாமல் திணறும், முழுக்க வெளியே நின்றால் ஷ்ரவுட் இருந்தும் பயனில்லை. நான் ஒரு ஸ்பேசரை மாற்றி இரண்டு முறை கழற்றி மாட்டினேன்.

ஃபேன் கிளட்சின் முன்னால் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும், கொசுவர்த்தி மாதிரி. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அது முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு வால்வைத் திறக்கும், சிலிக்கோன் எண்ணெய் பாய்ந்து ஃபேனை இழுத்துப் பிடிக்கும். என்னுடைய கிளட்சில் அந்தச் சுருளே இல்லை, வேகத்தை மட்டும் பார்த்து வழுக்கும் மலிவு வகை. போதாதற்கு முன்பக்கம் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுண்டினேன், ராட்டினம் மாதிரி நாலு சுற்றுச் சுற்றியது. நல்ல கிளட்ச் என்றால் சூட்டில் அரைச் சுற்றுக்கே முரண்டு பிடித்திருக்கும். சுருள் வைத்த கனமான வகை ஒன்றும் ஏழு இறக்கை ஃபேனும் வாங்கி மாட்டினேன். முதல் நாள் அது பிடித்தபோது எழுந்த இரைச்சலைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டினேன்.

எலக்ட்ரிக் ஃபேன் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். போடலாம், லிங்கன் மார்க் 8-இலிருந்து கழற்றிய ஃபேனைப் பழைய வண்டியில் போட்டுத் திருப்தியாக ஓட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் அதற்குப் பெரிய ஆல்டர்னேட்டர், தடிமனான வயர், ரிலே எல்லாம் வேண்டும், பழைய வயரிங்கில் அவ்வளவு கரன்டை ஓடவிட எனக்குத் தைரியமில்லை.

ஓர இடுக்குகளை அடைத்ததுதான் இந்த மொத்தக் கதையில் மலிவான வேலை. ஹார்டுவேர் கடையில் ஸ்பாஞ்ச் பட்டை, பன்னிரண்டு டாலர். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டில், ரேடியேட்டருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே, மேலே பானட் மூடும் இடத்தில், எங்கெல்லாம் விரல் நுழைகிறதோ அங்கெல்லாம். தாளை மறுபடி வைத்துப் பார்த்தேன், நாலு மூலையிலும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அழுத்த மீட்டர் என்னிடம் இருந்ததால் இன்னொரு சோதனையும் செய்தேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்-134ஏ சிஸ்டத்தில் ஹை சைடு, அதாவது கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கத்து அழுத்தம், பிஎஸ்ஐயில் ஏறக்குறைய வெளி வெப்பத்தைப் போல இரண்டேகால், இரண்டரை மடங்கு இருக்க வேண்டும், ஃபாரன்ஹீட்டில். 104 டிகிரி அன்றைக்கு 240, 260 பிஎஸ்ஐ வந்தால் சரி. இந்த வேலைகளுக்கெல்லாம் முன்னால் அது 360-இல் நின்றது. தோட்டத்து ஹோஸை எடுத்துக் கண்டென்சர்மேல் தண்ணீரைப் பீய்ச்சினேன், ஒரு நிமிஷத்தில் 220-க்கு இறங்கியது, காருக்குள் ஐஸ் காற்று. அப்படியென்றால் ஏசியில் கோளாறு இல்லை, கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றியும் இறங்கியிருக்காவிட்டால் வாயுவை அளவுக்கு மேல் அடைத்திருக்கிறேன் என்று பொருள். பழைய குளிரூட்டி வாயுவான ஆர்-12-க்காகச் செய்த கண்டென்சரில் ஆர்-134ஏ-வை அடைத்து ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி 1995-ஓடு நின்றுவிட்டது, அதனால் பலருக்கு வேறு வழியும் இல்லை. வாயு பல குழாய்களில் ஒரே சமயத்தில் ஓடும் பேரலல் ஃப்ளோ கண்டென்சருக்கு மாறுவதுதான் நல்லது.

இவ்வளவும் முடித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது, ஃபீனிக்ஸில் அக்டோபரில் எந்த வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடும். ஆனாலும் ஐடிலிங்கில் மீட்டர் 215 வரை போய்த்தான் நின்றது, 90 டிகிரி வெளி வெப்பத்துக்கு அது அதிகம். பெரியவர் எக்ஸாஸ்ட் பக்கம் கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். தீப்பொறி எப்போது விழுகிறது என்று பார்க்க உதவும் டைமிங் லைட் இருக்கிறதா என்று கேட்டார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரேடியேட்டரையே மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் போகும் கலவை மெலிசு, மெதுவாக எரியும். அதனால் தீப்பொறியைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளப் பயன்படாமல் எக்ஸாஸ்ட் பாதை வழியாகப் போகும். அந்தப் பாதை சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கிறது, சுற்றிலும் கூலன்ட். வீணாகும் சூடெல்லாம் கூலன்ட்டில் ஏறும். தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் வட்டமாக ஒரு தகர டப்பா ஒட்டிக்கொண்டிருக்குமே, வேக்கம் அட்வான்ஸ், அதன் வேலையே ஐடிலிங்கிலும் நிதான ஓட்டத்திலும் தீப்பொறியை முன்னால் இழுப்பதுதான். என் வண்டியில் அந்த டப்பாவின் ஹோஸ் கார்புரேட்டரில் ஐடிலிங்கின்போது உறிஞ்சலே இல்லாத துளையில் செருகியிருந்தது.

யாரோ முட்டாள்தனமாகச் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, கம்பெனியே கிட்டத்தட்ட அப்படித்தான் அனுப்பியது. புகைக் கட்டுப்பாடு வந்த காலம். 1970 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஓர் ஏற்பாடு வைத்தது, கடைசி கியர் விழும்வரை வேக்கம் அட்வான்ஸே கிடைக்காது. எக்ஸாஸ்ட் சூடாக இருந்தால் எரியாத பெட்ரோல் ஆவி அங்கேயே எரிந்துபோகும் என்பது கணக்கு. ஆனால் அதே ஏற்பாட்டில் ஒரு டெம்பரேச்சர் ஸ்விட்சும் வைத்தார்கள், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அது வேக்கத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். டைமிங்கை முன்னால் இழுத்தால் இன்ஜின் குளிரும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! ஐம்பது வருஷத்தில் அந்த ஸ்விட்ச், சோலனாய்டு எல்லாம் காணாமல் போய், உறிஞ்சல் இல்லாத துளை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஹோஸை ஐடிலிங்கிலும் உறிஞ்சல் இருக்கும் மானிஃபோல்டுத் துளைக்கு மாற்றினேன். இன்ஜின் உடனே வேகம் பிடித்தது, ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கிச் சரிசெய்தேன். இனி டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி சுழற்சி இருக்கும்போது தீப்பொறி விழுகிறது என்பது. இன்ஜின் முன்னால் சுற்றும் பேலன்ஸர் சக்கரத்தின் குறி 10 டிகிரி காட்டியது, கச்சிதம். பெரியவர் மட்டும் நம்பவில்லை. இந்த இன்ஜினில் ஹார்மானிக் பேலன்ஸர் இரண்டு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் காய்ந்துபோனால் குறி இருக்கும் வெளி வளையம் மெல்ல நகர்ந்துவிடும், அப்புறம் டைமிங் லைட் எவ்வளவு பிரகாசமாக இருந்து என்ன? முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, இன்ஜினைக் கையால் ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றிக் கோடு போட்டோம், மறுபக்கம் முட்டும்வரை சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான உச்சி. குறி எட்டு டிகிரி தள்ளி இருந்தது. பத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு. புது பேலன்ஸர் போட்டு, ஆரம்ப டைமிங் 10, வேகத்தில் மொத்தம் 34 என்று வைத்தோம். அன்றைக்கு ஐடிலிங்கில் மீட்டர் 198-இல் போய் உட்கார்ந்தது, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேலன்ஸருக்காகப் புல்லிகளைக் கழற்றியபோது கண்ணில் பட்டது இன்னொரு கைங்கரியம். குரோம் பூசிய அழகு புல்லி செட், ரேஸ் வண்டிக்கானது, வாட்டர் பம்பை மெதுவாகச் சுற்றும். ஏசி வண்டிக்கான அளவில் சின்ன பம்ப் புல்லியைத் தேடிப் போட்டேன்.

டிசம்பரில் இன்ஜின் பிளாக்கைக் கழுவினேன். இரண்டு பக்கமும் ஆயில் பேனுக்குச் சற்று மேலே டிரெயின் பிளக் உண்டு. பலர் ரேடியேட்டரை மட்டும் காலி செய்துவிட்டுக் கூலன்ட் மாற்றிவிட்டதாக நினைப்பார்கள், பிளாக்கில் இருப்பது அப்படியே கிடக்கும். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, நீளமான ஸ்பேனரில் தொங்கித்தான் வலது பக்கப் பிளக்கைத் திறக்க முடிந்தது. திறந்தால் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. வெல்டிங் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன், களிமண்ணில் குத்துகிற மாதிரி இருந்தது. நாலைந்து குத்துக்குப் பிறகு செம்மண் குழம்பு மாதிரி ஒன்று கொழகொழவென்று என் கையிலும் தரையிலும் கொட்டியது. துரு, பழைய சிமென்ட் மாதிரி ஏதோ செதில்கள். தோட்டத்து ஹோஸை மேலிருந்து விட்டு நீர் தெளியும்வரை ஒரு மதியம் முழுக்க ஓடவிட்டேன். பழைய கூலன்ட்டை மட்டும் தனியாகப் பாத்திரத்தில் பிடித்துவிடுங்கள். இனிப்பாக இருக்கும் என்று நாய் பூனை நக்கும், நக்கினால் செத்துப்போகும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 160 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் குளிரும் என்பார்கள். அது இன்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று மட்டும் தீர்மானிக்கும். 225-இல் கொதிக்கும் வண்டியில் 160-உம் 195-உம் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். அதைக் கழற்றியே எறியச் சொல்பவர்களும் உண்டு, எறியாதீர்கள். அந்தத் தடை இருப்பதால்தான் பிளாக்குக்குள் பம்பின் அழுத்தம் நிற்கிறது, சூடான மூலைகளில் நீராவிக் குமிழி உண்டாகாமல் இருக்கிறது. நான் 180 வைத்திருக்கிறேன்.

இந்த ஜூலையில் பரீட்சை. 111 டிகிரி, வீட்டு வாசலில், ஏசி முழு வேகத்தில், நாற்பது நிமிஷம் ஐடிலிங். 208-க்கு மேல் போகவில்லை. அதே இன்டர்ஸ்டேட் 10 மாலை நெரிசலில் ஒரு தடவை 214 தொட்டது, வண்டிகள் நகர்ந்ததும் இறங்கியது. சாலையில் 65-இல் 192. கணக்குப் பார்த்தால் அலுமினிய ரேடியேட்டருக்குச் செலவழித்ததில் பாதிக்கும் குறைவுதான் ஷ்ரவுட், கிளட்ச், ஸ்பாஞ்ச் பட்டை மூன்றுக்கும் சேர்த்து ஆனது. ஹோஸை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றியதற்குச் செலவே இல்லை.

போன வாரம் ஃப்ளாக்ஸ்டாஃப் கிளம்பினோம். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி, ஃப்ளாக்ஸ்டாஃப் 7,000. இன்டர்ஸ்டேட் 17-இல் பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும், அங்கே இன்ஜின் கொதிக்காமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லி அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது, புது வண்டிகளுக்கும் சேர்த்துத்தான். என் மனைவி சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பலகையைப் பார்த்தேன், கை சுவிட்ச் வரை போனது, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். 205, 210, ஒரு வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டியபோது 216. மேலே போனதும் சன்செட் பாயின்ட் ஓய்விடத்தில் நிறுத்தினேன்.

இறங்கி இரண்டு அடி வைத்தவள் குனிந்து பார்த்தாள். "ஏங்க, கீழே ஒழுகுது."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மண்டியிட்டு விரலால் தொட்டேன். பச்சை இல்லை, வாசனை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. ஜில்லென்று இருந்தது.

"ஏசித் தண்ணி" என்றேன்.

"ஏத்தத்துல அணைக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிழலைப் பார்த்து நடந்தாள். நாங்கள் திரும்பி வருவதற்குள் தாரில் அந்த ஈரம் காய்ந்திருந்தது.